ஏழு வாத்தும் ஒரு தண்டலும்

“தங்கச்சி, நேத்து உங்க கீரைப்பாத்தியை நான் மேய்ஞ்சுட்டேன்.”

எழுபது வயது மனிதர் ஒருவர் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “ஏங்க, இங்கன செத்த வாங்க” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். வந்தவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கட்டு அரைக்கீரை. என் வீட்டுக்காரர் வந்து கீரையை வாங்கிக்கொண்டு, அவரை அனுப்பிவிட்டுச் சிரித்தார். “ஏளா, பயப்படாத. மேஞ்சது அவுக வாத்து. அவுக அப்படித்தான் சொல்லுவாவ.”

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டிய தெரு அது. எங்களுக்குக் கருவாட்டு மொத்த வியாபாரம். பின்பக்கம் மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று அந்த வீட்டைப் பிடித்தோம். அடுத்த வீட்டில் இவர். நாற்பது வருஷம் தோணியில் போனவர், அதில் பாதிக்கு மேல் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப்போகும் தோணியில், ஆளுக்கும் சரக்கும் பொறுப்பானவனைத் தண்டல் என்பார்கள். கரையேறிப் பல வருஷம் ஆகியும் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

வாத்து செய்ததையெல்லாம் அவர் ‘நான்’ என்றுதான் சொல்வார். “உங்க கொடிச்சேலையில நான் அசிங்கம் பண்ணிட்டேன், குடுங்க, அலசித் தாரேன்.” “உங்க வீட்டுப் பிள்ளை பரிட்சைக்குப் படிக்கையில ராவெல்லாம் கத்திட்டேன், மன்னிக்கணும்.” தெருமுனை டீக்கடைக்காரர் சும்மா விடுவாரா? “என்ன தண்டல், இன்னைக்கு நீரு முட்டை போட்டாச்சா?” என்பார். இவர் முகத்தில் சிரிப்பே வராது. “போட்டாச்சு. நாலு” என்று டீயை ஊதிக் குடிப்பார்.

எனக்கு வாய் அதிகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கம்மா சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்து வைத்திருந்தாள். நேராகவே கேட்டேன். “என்ன அண்ணாச்சி இது? வாத்து பண்ணுச்சின்னு சொன்னா வாய் வலிக்குமா?”

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “தோணியில எவன் கயித்தை விட்டாலும், சரக்கு நனைஞ்சா கரையில நின்னு பதில் சொல்லுதது தண்டல். அவன் விட்டான், இவன் விட்டான்னு கை காட்டுத தண்டலுக்கு அடுத்த நடைக்கு ஆள் வர மாட்டான் தங்கச்சி. வாய்ப் பழக்கம், போக மாட்டேங்கு.”

நான் அவரோடு முதலில் போட்ட சண்டை தண்ணீருக்காக. எங்கள் தெருவில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் கடைசித் தெரு என்பதால் வீட்டுக்கு எட்டுக் குடம் பிடித்ததும் நின்றுவிடும். ஒருநாள் நான் பிந்திப் போய் நாலு குடத்தோடு ஏமாந்து நிற்கிறேன், இவர் நல்ல தண்ணீரைக் குடத்திலிருந்து வாத்துத் தொட்டியில் ஊற்றுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மனுசனுக்கே தொண்டை நனைக்கத் தண்ணியில்ல, வாத்துக்கு என்னத்துக்கு நல்ல தண்ணி? போர்த் தண்ணியைத் திறந்து விட்டா குடிக்காதா? இதெல்லாம் நல்லாவா இருக்கு?” என்று மதில்மேல் ஏறாத குறையாகக் கத்தினேன்.

அவர் ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். “இது என் பங்குல உள்ளது. அதுகளோடது இல்ல. அதை எடுக்க எனக்கு உரிமை இல்ல” என்றார். பிறகு விளக்கினார். எட்டுக் குடத்தில் அவருக்கு நாலு, அவர் மனைவிக்கு நாலு. மனைவி இறந்த பிறகும் எட்டுக் குடம் வந்துகொண்டிருந்தது. “அவ பங்கு மிஞ்சுது தங்கச்சி. கீழ கொட்ட மனசு வரல.” ஐந்து நாளைக்கு நாலு குடத்தில் என்ன வளர்க்கலாம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டியதில்லை, கண்ணும் மூக்கும் கழுவத் தலை முங்கும் அளவு தொட்டி இருந்தால் போதும். ஆண் ஒன்று, பொட்டை ஆறு. ஏழுக்கு அந்த நாலு குடம் சரியாக இருக்கும். “எட்டாவது ஒண்ணு வாங்கினேன்னா என் பங்குலேந்து எடுக்கணும். அப்புறம் அதுக மேல எனக்கே கோவம் வரும். கோவத்தோட எதையும் வளக்கக் கூடாது.”

நான் அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். அது எனக்கு அபூர்வம்.

வாத்து வாங்குமுன் அவர் செய்த ஏற்பாட்டைத் தெருவே கதையாகச் சொல்லும். கூட்டுக்குத் தரை சரித்து, மணல் கொட்டி, தொட்டியின் அழுக்குத் தண்ணீர் வாழையின் அடிமூட்டுக்குப் போக வாய்க்கால் இழுத்து, கீரி நுழையாமல் வலையடித்து எல்லாம் முடித்த பிறகும் வாத்து வாங்கவில்லையாம். மூன்று மாதம் வெறும் தொட்டியில் காலையும் மாலையும் செம்பால் அளந்து தண்ணீர் ஊற்றினாராம். காலை ஒன்பது மணிக்கு வெறும் கூட்டைத் திறந்துவிட்டு, ஆறு மணிக்கு வெறும் கூட்டைப் பூட்டினாராம். பெண்சாதி போன துக்கத்தில் மனுசனுக்குக் கழன்றுவிட்டது என்று எல்லாரும் முடிவுகட்டியிருக்கிறார்கள். அவர் பார்த்தது வேறு. ஒரு நாள் தவறாமல் தன்னால் முடிகிறதா என்று பார்த்திருக்கிறார். முடிந்தது. அப்புறம்தான் ஏழு குஞ்சு வந்தது.

நான் அந்த மனிதர் மேல் பிரியம் வைத்துவிட்டேன். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நல்ல வாளைக் கருவாடாகப் பார்த்து இலையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் ஐந்தாறு முட்டை தருவார். எங்கள் ஆட்களிடம் பிரியம் என்றால் கருவாடுதான், வேறு என்ன தெரியும்?

அவருக்கு ஒரே மகள். சென்னையில் நல்ல வேலையில் இருந்தாள். தங்கமான பெண், அதையும் சொல்லிவிடுகிறேன். வருஷம் இரண்டு முறை வந்து, தன்னோடு வந்துவிடும்படி அப்பாவைக் கெஞ்சுவாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் கருவாட்டோடு போனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். “ஒத்தையில விழுந்து கிடந்தா யாருப்பா பாப்பா? அடுப்பை அணைக்க மறந்துட்டீங்கன்னா?”

அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் சொன்னார். “ஏழு உசுரு என் பொறுப்புல இருக்கு. என்னைக்கு இதுல ஒண்ணு என் கவனக்கொறைவால சாவுதோ, அன்னைக்கு நான் எதுக்கும் லாயக்கில்லன்னு அர்த்தம். நீ கூப்பிடக்கூட வேண்டாம், நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்.”

“சரி. இந்த அக்கா சாட்சி” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“சாட்சின்னா சாட்சி. கையெழுத்தே போடுதேன்” என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் புன்னைக்காயலில் அவருடைய அக்கா இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசைக்கு அவர் ஒரு ராத்திரி அங்கே தங்கவேண்டி வந்தது. வாத்துகளை என்னிடம் விட்டார். விட்டார் என்று ஒரு வார்த்தையில் சொல்கிறேன், அவர் அதை இரண்டு நாள் சொன்னார். காலையில் முட்டையிட்டு முடிக்கட்டும், ஒன்பதுக்கு முன்னால் திறக்காதே. தவிட்டில் தண்ணீர் விட்டுப் பிசைந்துதான் வை, காய்ந்த தீனி தொண்டையில் அடைக்கும். மீன் தலை உப்பில்லாமல் அவித்துச் சட்டியில் இருக்கிறது. இது காலைத் தண்ணீர், இது சாயங்காலத் தண்ணீர். போதவில்லை என்றால் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் என் குடம் இரண்டு இருக்கிறது, இந்தா சாவி. எல்லாம் சொன்னார். கருவாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. உலகத்தில் ஒருத்தி அப்படிச் செய்வாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பஸ் ஏறிப் போனார். நான் பின்கட்டில் காலி மூட்டைகளை உதறிக்கொண்டிருந்தேன். மூட்டை அடியில் கருவாட்டுத் தூளும் உப்பும் சேர்ந்து படிந்திருக்கும், அதை ஒரு ஓலைக் கடகத்தில் தட்டிவைப்போம். வாசனைக்கு ஏழும் மதில் பக்கம் வந்து நின்று கத்தியது. எனக்கு ஒரே சந்தோஷம். மீன் தின்னுகிற வாத்து கருவாடு தின்னாதா? அண்ணாச்சி வந்து பார்த்து, தங்கச்சி கைராசி, ஒரே நாளில் என்ன கொழுகொழுப்பு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு கை அள்ளித் தவிட்டில் பிசைந்து வைத்தேன். நிமிஷத்தில் காலி. பத்தவில்லை என்று இன்னும் இரண்டு கை.

கொஞ்ச நேரத்தில் தொட்டித் தண்ணீர் காலியானது. சாயங்காலப் பங்கையும் காலைப் பங்கையும் ஊற்றினேன், அதுவும் காலி. மறுபடியும் வந்து கத்தியது. குசினிச் சாவி என் இடுப்பில் இருந்தது. போய்ப் பூட்டைத் திறந்து குடத்தைத் தூக்கி வர ஐந்து நிமிஷம் ஆகும். போர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாத்துதானே என்று குழாயைத் திருகித் தொட்டியை நிரப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். உப்புக்கு மேல் உப்பு. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், அந்த ஐந்து நிமிஷ வேலைக்கு எனக்கு என்ன கேடு வந்தது என்று.

காலையில் கூட்டைத் திறந்தால் மூன்று செத்துக் கிடந்தது. இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு காலை உதைத்தது. மற்ற இரண்டும் எழுந்து நிற்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் பதினொரு மணிக்கு வந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கடகத்திலிருந்து ரெண்டு கை அள்ளினேன் அண்ணாச்சி, பத்தலன்னு இன்னும் ரெண்டு கை, சாவி இடுப்புலதான் இருந்து, சோம்பேறித்தனப்பட்டு போர்த் தண்ணியைத் திறந்து விட்டேன் என்று எல்லாம் சொன்னேன்.

அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. குடத்தைக் கொண்டுவந்து, உயிரோடிருந்த நாலின் வாயிலும் பஞ்சை நனைத்து நல்ல தண்ணீரை மாறி மாறி விட்டார். இரண்டு போய்விட்டது, இரண்டு பிழைத்தது. ஐந்தையும் வாழை மூட்டில் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவினார். திட்டுவார் திட்டுவார் என்று நான் காத்து நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

“அழாத தங்கச்சி. ஒப்படைச்சது நான். ஆளு பாத்து ஒப்படைச்சிருக்கணும்” என்றார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆள் பார்த்து! அப்போ நான் ஆளில்லையா? தப்பு முழுக்க என்னுடையதாக இருக்கும்போதே எனக்கு ரோஷம் வந்தது, பாருங்கள். அன்றைக்கு மத்தியானம் அவர் டீக்கடையில் போய், பஸ் ஏறும் அவசரத்தில் கருவாட்டுத் தூளைப் பிசைந்து வைத்து வாத்தையெல்லாம் ‘நான்’ கொன்றுவிட்டேன் என்று சொன்னது எனக்குக் கேள்வியானபோது, அந்த ரோஷத்தில்தான் பேசாமல் இருந்தேன். இத்தனை வருஷம் அவருடைய ‘நானை’க் கேட்டுச் சிரித்த தெரு அன்றைக்குச் சிரிக்கவில்லை. தண்டலுக்குப் புத்தி மங்கிவிட்டது என்று வருத்தப்பட்டது. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவுகளே தாந்தான்னு சொல்லிட்டாவல்லா, நீ எதுக்கு வாயைக் குடுக்க? கடைச் சரக்கைத் தின்னு செத்துச்சின்னு வெளிய தெரிஞ்சா வியாபாரம் என்னத்துக்கு ஆவும்?” என்றார். அதுவும் எனக்கு வசதியாக இருந்தது.

யாரோ போனில் சொல்லி, செவ்வாய்க்கிழமை மகள் வந்துவிட்டாள். நான் காபி போட்டுக் கொண்டுபோனேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “சொன்ன சொல்லு சொல்லுதான். வாரேன்” என்றார் மகளிடம். அவளுக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அக்கா, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க. அப்பாவுக்கு இப்படி மறதி அடிக்கடி வருதா? இல்லன்னா நான் வற்புறுத்தல. அவரு இங்கயே இருக்கட்டும்.”

இதைவிடத் தெளிவாக ஒருத்தி கேட்க முடியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அந்த வீட்டில் இருந்திருப்பார். ஊரையே வாயால் விற்றுவிடுவாள் என்று பெயர் வாங்கியவள் நான். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வயசாயிட்டுல்லா” என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டி, “ஆமா, வயசாயிட்டு” என்றார். பிழைத்த இரண்டையும் தருவைக்குளத்தில் தன்னோடு தோணியில் போன ஒருவருக்குக் கொடுத்தார். புதன்கிழமை ரயிலேறினார்.

ஒன்றரை வருஷம் என்னால் அந்த மதிலைப் பார்க்க முடியவில்லை. போன் பண்ணிச் சொல்ல எடுப்பேன், நலம் விசாரித்துவிட்டு வைப்பேன். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்று சென்னையில் வந்தது. ரயிலில் தூத்துக்குடி தொடங்கி எழும்பூர் வரை சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

நாலாவது மாடி. வீடு சுத்தமாக இருந்தது. அவரும் முகம் மழித்து, வெளுத்த வேட்டியோடு சுத்தமாக இருந்தார். மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் ஆள் பாதியாகியிருந்தார். “வா தங்கச்சி. தண்ணி வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது என்றேன். உட்காரவில்லை. மகளைக் கூப்பிட்டு அவருக்கு முன்னாலேயே சொன்னேன். “யம்மா, அன்னைக்கு வாத்தைக் கொன்னது ஒங்கப்பா இல்ல. அவுக பஸ் ஏறினதுக்கு அப்புறம் கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டது நானு. நீ கேட்டப்ப பொய் சொன்னேன். அவுகளுக்கு ஒரு மறதியும் இல்ல. அவுகளை அவுக வீட்டுக்கே அனுப்பிரு. நான் பாத்துக்கிடுதேன்.”

மகள் பதில் சொல்லுமுன் அவர் கையை உயர்த்தினார். “இல்ல தங்கச்சி. அது நான்” என்றார். “கடகத்துலேந்து ரெண்டு கை அள்ளினேன். பத்தலன்னு இன்னும் ரெண்டு கை. குசினிச் சாவி இடுப்புலதான் இருந்து. சோம்பேறித்தனப்பட்டு போர்த் தண்ணியைத் திறந்து விட்டேன்.” வலது கை தானாக வெறும் காற்றில் அள்ளியது. கண் கலங்கியிருந்தது. “ஏழு உசுரை ஒழுங்கா வச்சிக்கத் தெரியல எனக்கு.”

அவ்வளவும் என் வார்த்தை. அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் அடித்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தை. அவர் அப்போதும் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, அல்லது அந்த நாலாவது மாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து தானே செய்ததாக நம்பிவிட்டாரா, எனக்கு இன்று வரை தெரியவில்லை. கேட்கவும் இனி முடியாது. காப்பாற்றினார் என்றால் அவருக்கு நான் கோயில் கட்ட வேண்டும். நம்பிவிட்டார் என்றால், அந்தப் பாவத்தையும் மறதியையும் அவர் தலையில் ஏற்றியவள் நான்.

மகள் என்னோடு லிப்ட் வரை வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா மனசு ஆறட்டும்னு நீங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்க. எனக்குப் புரியுது அக்கா. ஆனா அவரு சொல்றதை மறுத்துப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, ரொம்பக் குழம்பிப்போறாரு. இனிமே அப்படிச் சொல்ல வேண்டாம், என்ன?”

“இல்லம்மா, நிசமாவே நாந்தான்” என்றேன்.

“உங்களை மாதிரி ஒரு பக்கத்து வீடு அப்பாவுக்குக் கிடைச்சதுக்கு மாதாவுக்குத்தான் நன்றி சொல்லணும்” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

லிப்ட் வந்தது. நான் கருவாட்டுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.